அத்தான்

போர் முடிந்த மறுவருடம் கடலோர நாவலடியிலிருந்து ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்தார்கள் யோகராசாவும் தனுஷியாவும். புது வீட்டைப் பார்க்க வந்த பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து மனுசி, தேத்தண்ணி குடித்தபடி தனுஷியாவைச் சீண்டினாள்.

"இந்தக் காலத்திலையும் புருசனை அத்தான் எண்டு கூப்பிடுறீர்! காதல் கலியாணமோ?"

தனுஷியா சிரித்துச் சமாளித்தாள்.

மனுசி போனதும் யோகராசா யன்னலடிக்கு வந்தான். கீழே பெரிய ஏரி தெரிந்தது.

"நம்மட வாவி போலதான் கிடக்கு. இறால் வாசந்தான் இல்ல" என்றான். பிறகு கொஞ்சம் தயங்கி, "இனி என்னை ராசா எண்டே கூப்பிடு புள்ள. இஞ்ச எல்லாரும் பேர் சொல்லித்தானே கூப்பிடுறாங்க" என்றான்.

அவள் வாயைத் திறந்தாள். பேர் வரவில்லை.

"ஏலாது அத்தான். அக்காவைக் கலியாணம் முடிச்சு நீங்க நம்மட வீட்டுக்கு வந்த நாளில இருந்து, அத்தான் எண்டு கூப்பிட்டுப் பழகின வாய் இது. ராசா எண்டு கூப்பிட்டது அவ மட்டுந்தானே."

அவன் ஏரியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"சுனாமி அண்டைக்கு, அலை இழுக்கக்குள்ளயும் அக்கா அந்தப் பேரைத்தான் கத்தினவ. அது அவவுக்கே இருக்கட்டும்."