கழற்றியவர் கையெழுத்து

"யாரு கழட்டினது?"

கிளைடர் கிளப் தலைவர் போட்ட சத்தத்தில், விமானம் நிறுத்தும் ஹேங்கரின் தகரக் கூரையே அதிர்ந்தது.

இழுவை விமானத்தின் வாலடியில் கொக்கி இருக்க வேண்டிய இடம் மொட்டையாக இருந்தது. அந்தக் கொக்கியில் கயிற்றை மாட்டித்தான் எஞ்சின் இல்லாத கிளைடரை மேலே இழுத்துப் போவார்கள். கொக்கி இல்லையென்றால் கிளைடர் கொலு பொம்மைகூட இல்லை, இடத்தை அடைக்கும் பண்டம்.

வெளியே வருடாந்தரப் போட்டிக்கு ஆறு கிளைடர்கள் வரிசை கட்டி நின்றன. உறுப்பினர்கள் குடும்பம் குட்டியோடு வந்து குடை விரித்து உட்கார்ந்திருந்தார்கள்.

தலைவரின் பார்வை மகன் மேல் விழுந்தது. இழுவை விமானத்தை ஓட்டும் பைலட் அவன்தான். முகம் வெளுத்துப்போய்த் தரையைப் பார்த்தான்.

"நான்தான் கழட்டினேன்" என்றாள் மெக்கானிக். கிளப்பில் அவளுக்கு 'ஸ்பேனரம்மா' என்று பெயர்.

உண்மையில் அவள் கழற்றவில்லை. கழற்றத்தான் காலையில் ஸ்பேனரும் கையுமாக வந்தாள். வந்து பார்த்தால் யாரோ முந்திக்கொண்டிருந்தார்கள். நாலு போல்ட்டும் பழந்துணி மேல் இருந்தன, கொக்கியை மட்டும் காணோம்.

பைலட் தம்பி வேலையாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள். போன வாரம்தான், "அக்கா, கயித்தை விடுற லிவர் ரெண்டு தடவை இழுத்தாத்தான் வேலை செய்யுது" என்று புலம்பினான். அப்பா எதிரில் வாய் திறக்காத பிள்ளை. பாவம், பழி நம் தலையிலேயே விடியட்டும் என்று முடிவு கட்டிவிட்டாள்.

"யாரைக் கேட்டுக் கழட்டினே?"

"அதோ, அதைக் கேட்டு." சுவரில் ஒட்டியிருந்த உத்தரவைக் காட்டினாள். இந்த மாதிரிக் கொக்கியில் ஸ்பிரிங் தேய்ந்து சிக்கிக்கொள்கிறது, கழற்றிப் புதுசு போடாமல் ஒரு தடவைகூடப் பறக்கக் கூடாது என்று ஆய்வுத் துறை அனுப்பியது.

"புது ஸ்பிரிங் எப்ப வரும்?"

"வியாழக்கிழமை."

"போட்டி இன்னைக்கும்மா! உத்தரவு நாளைக்குத்தான் வந்துதுன்னு வெச்சுக்குவோம்."

"நீங்க வெச்சுக்கலாம் சார். ஸ்பிரிங் வெச்சுக்காது."

பல் டாக்டர் ஒருவர் முன்னால் வந்தார். தான் பறப்பதைக் காட்ட மாமனார் வீட்டையே திரட்டி வந்திருந்தவர். "ஒரே ஒரு நாள்தானேம்மா?"

"மரத்துப்போற ஊசி தீர்ந்துபோச்சுன்னா, ஒரே ஒரு பல்லுதானேன்னு பிடுங்குவீங்களா டாக்டர்?"

டாக்டரின் மாமனாரே சிரித்துவிட்டார்.

"வேற ஒண்ணுமில்ல, பறக்கக் கத்துக் குடுங்கன்னு இவ கேட்டா, நாம முடியாதுன்னுட்டோம். அந்த வயித்தெரிச்சல்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

தலைவர் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துத் துடைத்துக் கத்தினார். "விமானத்தை ஓட்டப்போறது யாரு? நான் பெத்த பிள்ளை! ஒரே பிள்ளையையே துணிஞ்சு அனுப்பறேன். எனக்கில்லாத பயம் உனக்கென்ன வந்துது?"

கூட்டம் கை தட்டியது.

"பின்னால வர்ற கிளைடர் சட்டுனு மேல ஏறிட்டா, முன்னால போற விமானத்தோட வாலைத் தூக்கிடும் சார். மூக்கு தரையைப் பார்க்கும். அந்த நேரத்துல லிவரை ரெண்டாவது தடவை இழுக்க உங்க பிள்ளை இருக்க மாட்டார்."

பைலட் நிமிர்ந்து பார்த்தான். மறுபடி குனிந்துகொண்டான்.

"கொக்கியை மாட்டு. இல்லேன்னா நாளையிலேருந்து வராதே."

காலேஜ் படிக்கும் பெண், வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருக்கும் புருஷன், எல்லாம் அவள் கண் முன்னால் வந்தது. வாய் மட்டும் பின்வாங்கவில்லை.

"மாட்ட மாட்டேன். வேணும்னா அந்த வால்ல என்னைக் கட்டி இழுத்துக்கங்க."

போட்டி ரத்தானது. குடைகளை மடக்கிக்கொண்டு போனவர்கள் போகிற போக்கில் ஆளுக்கொரு வார்த்தை வீசிவிட்டுப் போனார்கள். தலைவர் வாசலில் நின்று, "என்ன பண்றது, வாய்ச்ச ஆள் அப்படி" என்று ஒவ்வொருவரிடமும் வருத்தப்பட்டார்.

அவள் தன் சாமான்களைப் பெட்டியில் அடுக்கும்போது பைலட் வந்தான்.

"ரொம்பத் தேங்க்ஸ்க்கா. நீங்க கழட்டலேன்னா நான் ஏறித்தான் இருப்பேன்."

"அப்ப... நீ கழட்டலையா தம்பி?"

"நானா? அப்பா தோலை உரிச்சிருவாரே!"

அவன் போய்விட்டான். பின்னே யார் என்று அவள் அந்த நாலு போல்ட்டையும் மறுபடி போய்ப் பார்த்தாள்.

சற்று நேரத்தில் தலைவர் உள்ளே வந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். பையிலிருந்து, கறை படிந்த அதே கைக்குட்டையில் சுற்றிய ஏதோ ஒன்றை எடுத்து மேஜையில் 'ணங்'கென்று வைத்தார்.

பிரித்தாள். கொக்கி.

"காலையில முதல் ஆளா வந்து நானே கழட்டிட்டேம்மா." குரல் தரைக்கு இறங்கியிருந்தது. "ஒரே பிள்ளை, மனசு கேக்கலை. அதுக்காக உறுப்பினருங்ககிட்ட முடியாதுன்னு சொல்ல முடியுமா? அடுத்த மாசம் தேர்தல் வேற. நீ கவலைப்படாதே, நாலு நாள் கழிச்சு நானே உன்னைக் கூப்பிட்டுக்கறேன்."

"பிள்ளை உயிரும் தப்பணும், உங்க பேரும் தப்பணும். திட்டு மட்டும் எனக்கா?"

"மெதுவாம்மா, யார் காதுலயாவது விழப்போகுது."

அவள் மெதுவாகத்தான் பராமரிப்புப் பதிவேட்டைத் திறந்தாள். தேதி போட்டு, 'கொக்கி கழற்றப்பட்டது' என்று எழுதி, பதிவேட்டை அவர் பக்கம் திருப்பினாள். காலியாக இருந்த கட்டத்தில் விரலை வைத்தாள்.

"கழற்றியவர் கையெழுத்து. இதோட நகலைத்தான் அந்த உத்தரவுக்குப் பக்கத்துல ஒட்டப்போறேன். துணிஞ்சவராச்சே, போடுங்க சார்!"