மதுரைக் காய்ச்சல்

மதுரை அணியின் கோல்கீப்பர் சோணைக்குக் காய்ச்சல் வந்தது. உடனே சென்னை அணியின் கோல்கீப்பர் பெலிக்ஸைப் பிடித்து ஓட்டல் அறையில் போட்டுப் பூட்டினார்கள். அவனுக்கு ஒரு தும்மல்கூட இல்லை. லீக்கின் சமநீதி விதி அப்படி. ஓர் அணியில் ஒருவன் தனிமைக்குப் போனால், எதிரணியில் அதே இடத்தில் ஆடுபவனும் போக வேண்டும். யாருக்கும் ஓரவஞ்சனை கிடையாது. நோய்க்குத்தான் இந்த நாகரிகம் இன்னும் பிடிபடவில்லை.

ஞாயிறு காலை வியாசர்பாடி சர்ச்சில் பெலிக்ஸுக்குக் கல்யாணம். சனிக்கிழமை காலையில் சோணைக்குப் போன் போட்டான்.

“ஜுரம் எவ்ளோ இருக்குப்பா?”

“நூத்திரெண்டுண்ணே.”

“நாளைக்கு எனக்குக் கல்யாணம்பா. தொண்ணூத்தெட்டுக்கு வா.”

“அம்புட்டுக்குக் கட்டாதுண்ணே. உங்க மூஞ்சிக்காக நூத்தியொண்ணு.”

“நூறுல முடிச்சிக்கலாம்.”

“திங்கக்கிழமைன்னா முடிச்சுக் குடுக்குறேன்.”

பேரம் படியவில்லை. பெலிக்ஸ் லீக் அதிகாரியிடம் கெஞ்சினான். அவரும் மனம் இரங்கி விதிப் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை புரட்டினார்.

“தம்பி, தனிமையில இருக்கிற கீப்பருக்குப் பதிலா ரிசர்வ் கீப்பர் நிக்கலாம். மைதானத்துல மட்டும்னு எங்கயும் போடலை. சர்ச்சுலயும் நிக்கட்டும்.”

மணப்பெண் ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டு இதைச் சொன்னான். அழுவாள் என்று எதிர்பார்த்தான். நானூறு பேருக்குப் பிரியாணி சொல்லியிருந்த ஸ்டெல்லா சற்று யோசித்தாள்.

“அந்த ரிசர்வ் ஆளுக்கு ஜோடியா மதுரையில யாரும் இருமலியே?” என்று கேட்டாள்.