ஆறு மணிக்கு ஒழுகும் குழாய்

"அறுத்துப் போடுங்க அதை! இன்னைக்கே புதுக் குழாய் மாட்டிடணும்."

பிளம்பர் இன்னும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. அதற்குள் மகள் ஆரம்பித்துவிட்டாள். அப்பாவைப் பார்க்க ஆசையாக வந்தாளாம். சமையலறை சிங்க்குக்கு அடியில் அவருடைய ரெண்டு கால் மட்டும்தான் தெரிந்ததாம்.

"பக்கவாதம் வந்து ரெண்டு மாசம்கூட ஆகல. வலது கை சரியா வராது. அவரைத் தரையில படுக்க வெச்சு ரிப்பேர் வேலை வாங்குறாங்க எங்க அண்ணி. பக்கத்துல கையைக் கட்டிக்கிட்டு நின்னு வேடிக்கை வேற!"

அண்ணி இப்போதும் கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றாள்.

"பாருங்க, வாயத் திறக்கறாங்களான்னு! ஒரு பிளம்பரைக் கூப்பிட முடியாத அளவுக்குக் கஞ்சத்தனம்."

பிளம்பர் குனிந்து பார்த்தான். சிங்க்குக்குத் தண்ணீர் வரும் குழாய்க்கு யானைக்கால் வந்தது மாதிரி இருந்தது. முழுக்க சிலிகோன் டேப்.

அவனுக்குப் பழகின சாமான்தான். பசை கிடையாது. மூன்று மடங்கு நீள்கிற மாதிரி இழுத்துச் சுற்றினால் தன்மேலேயே ஒட்டி ஒரே ரப்பராகிவிடும். ஈரக் குழாயிலும் பிடிக்கும், சூடு தாங்கும், பிய்ந்த ஒயருக்கும் சுற்றலாம். ஒட்டிவிட்டால் பிரிக்க முடியாது, பிளேடுதான். இழுக்காமல் சுற்றினால் மட்டும் ஒன்றுக்கும் உதவாது. அவசரத்துக்கு அவனும் சுற்றுவான். ஆனால் ஒரே இடத்தில் இத்தனை தடவை யார் சுற்றுவார்கள்?

இந்த மருமகளுக்கு நெஞ்சில் ஈரமே கிடையாது என்று முடிவு கட்டினான்.

மகள் அப்பாவைக் கைத்தாங்கலாக முன்னறைக்கு அழைத்துப் போனாள். பிளம்பர் பிளேடை எடுத்தான்.

வெளிப்பக்கம் கல் மாதிரி இருந்தது. அழுத்தினால்தான் பிளேடு இறங்கியது. உள்ளே போகப் போக வெங்காயத் தோல் மாதிரி தானாகக் கழன்று வந்தது.

"இது ரெண்டு பேர் சுத்தினதாம்மா?"

"எல்லாம் மாமா சுத்தினதுதான்."

"இல்லையே. உள்ள இருக்கறது இழுக்கவே இல்ல, ஒட்டவும் இல்ல. வெளிய சுத்தினவருக்கு நல்ல பிடி."

"உள்ள இருக்கறது முதல் வாரம்," என்றாள் அவள்.

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. குழாயைத் துடைத்தான். விரிசல் இல்லை. தண்ணீரைத் திறந்துவிட்டு அடியில் தடவிப் பார்த்தான். ஈரமே இல்லை.

"எங்கம்மா ஒழுகுது?"

"தினமும் காலைல ஆறு மணிக்கு ஒழுகும்." அலமாரியிலிருந்து ஒரு டம்ளரை எடுத்தாள். "இதுல இருந்து."

பிளம்பர் டம்ளரைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"டாக்டர் கைக்கு ஒரு ரப்பர் பந்து குடுத்தார். நான் என்ன பச்சைக் குழந்தையான்னு ஜன்னல் வழியா விட்டெறிஞ்சிட்டார். பயிற்சி குடுக்க வந்தவரை வாசலோட அனுப்பிட்டார். முப்பது வருஷம் பாய்லர் பிட்டரா இருந்த மனுஷன். குழாய் ஒழுகுதுன்னா மட்டும்தான் எழுந்திருப்பார். இந்த டேப் இழுத்தாதானே ஒட்டும்? இழுக்கட்டும்னு விட்டேன். நேத்து சட்டைல மூணு பட்டன் அவரே போட்டார். இன்னும் ரெண்டு பாக்கி."

"இதை உங்க நாத்தனார்கிட்ட சொல்லித் தொலைக்கலாம்ல? அந்த அம்மா இந்தப் பேச்சுப் பேசுதே."

"அவ வாயில எதுவும் தங்காது. சாயங்காலத்துக்குள்ள மாமா காதுக்குப் போயிடும். அப்புறம் கையைத் தூக்கக்கூட மாட்டார். நீங்களும் அவர்கிட்ட சொல்லிடாதீங்க."

"முடிஞ்சுதா இல்லையா?" என்று முன்னறையிலிருந்து சத்தம் வந்தது. மருமகள் டம்ளரை ஒளித்துவிட்டு நாத்தனாரைச் சமாளிக்கப் போனாள்.

பெரியவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். மெதுவாக உட்கார்ந்தார்.

"அறுத்துட்டியா?"

"ஆமாங்கய்யா. ஒழுகவே இல்..." பிளம்பர் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"ஒழுகலைன்னு எனக்குத் தெரியாதா?" பெரியவர் குரலைத் தாழ்த்தினார். "ஒழுகற குழாய் அடியிலதான்டா நனையும். இது தினமும் மேல நனையுது."

"அப்புறம் எதுக்குய்யா மாங்கு மாங்குனு சுத்துறீங்க?"

"விடியறதுக்குள்ள எழுந்து, பூனை மாதிரி நடந்து வந்து ஊத்துறா. ஊத்தின தண்ணிக்காவது ஒரு மரியாதை வேணாமா? அவகிட்ட உளறி வெச்சிடாதே. அந்த டேப் சுருளை எடு."

எடுத்துக் கொடுத்தான். பெரியவர் வலது கையால் இழுத்தார். டேப் நீண்டது.

மகள் உள்ளே வந்தாள். "ஐயோ, மறுபடியுமா! புதுசு மாட்டலையா?"

"இந்த அளவுக் குழாய் இப்பல்லாம் எங்கயும் வர்றதில்லீங்க. ஐயா சுத்தினாதான் நிக்குது."

"நீங்கல்லாம் ஒரு பிளம்பரா!"

அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தான். பைக்குள் புதுக் குழாய்கள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன. அதே அளவு, ரெண்டு.

சொல்லாதே என்று ரெண்டு பேர் சொன்னார்கள். சொல்லவில்லை. மாட்டு என்று ஒருத்தி சொன்னாள். அதையும் மாட்டவில்லை.