மூன்றாவது மெமோ

"வகுப்புல நம்ம பாஷை பேசக் கூடாதுன்னு எத்தனை தடவை..."

"புள்ளைங்க புரியாம முழிச்சா நான் என்ன சார்..."

"முழிக்கட்டுமே! இங்கிலீஷ் டீச்சர் தும்மினாலும் இங்கிலீஷ்லதான் தும்மணும்!"

தலைமையாசிரியர் மேசையைத் தட்டிய தட்டில் சாக்பீஸ் டப்பா எகிறி விழுந்தது. டீச்சர் குனிந்து அதை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"ஒரே ஒரு பாடத்தை நம்ம பாஷையில விளக்கினேன் சார். நாப்பது தலையும் ஒண்ணா ஆடுச்சு. ஆறு மாசமா ஆடாத தலைங்க!"

"இந்தச் சாக்கெல்லாம் வேண்டாம். ஏற்கெனவே ரெண்டு மெமோ. அதுல என்ன இருக்குன்னு ஞாபகம் இருக்கா?"

"வரிக்கு வரி மனப்பாடம் சார்."

"மூணாவது வந்தா வேலை போயிடும்னு தெரியுமா?"

டீச்சர் தலையை ஆட்டினார். வீட்டில் அடுப்பு எரிவதே இந்த ஒரு சம்பளத்தில்தான்.

"தெரிஞ்சே பேசியிருக்கீங்க. அப்புறம் என்மேல வருத்தப்படக் கூடாது."

தலைமையாசிரியர் ஒரு வெள்ளைத்தாளை உருவினார். அடியில் கையெழுத்தை மட்டும் போட்டு, டீச்சர் பக்கம் நகர்த்தினார். அதட்டிய குரல் இப்போது குழைந்தது.

"போன ரெண்டு மெமோ மாதிரியே இதையும் நல்ல இங்கிலீஷ்ல நீங்களே எழுதிடுங்க டீச்சர். எனக்குத்தான் அது வராதே!"