எலுமிச்சம்பழம் நசுங்கணும்

மனு எழுதிக் குடுத்தது நான்தான். மறைக்க இன்னா கீது?

"ஓடாத வண்டி ஒண்ணு பதினோரு வருஷமா நம்ம காம்பவுண்டுல நிழலை அடைச்சுக்கினு நிக்குது. எடுக்கச் சொல்லுங்க. இப்படிக்கு, அப்துல் வஹீத், முதல் மாடி."

மயிலாப்பூர்ல எங்க ஃபிளாட்ஸுல ரெண்டு ஹெரால்டு காரு கீது. ரெண்டும் மெட்ராஸ்லயே செஞ்சது. ரெண்டும் வெள்ளை. ரெண்டுக்கும் என் வயசு. ஒண்ணு என்னுது, இன்னொண்ணு கீழ் வீட்டு ஸ்ரீனிவாசராகவன் சாருது.

என் வண்டி ஓடும். மீன் வாங்க ஓடும், என் சம்சாரம் சகினாவைக் கூட்டிக்கினு பெசன்ட் நகர் பீச்சுக்கு ஓடும். பக்ரீதுக்கு ஆடு பின் சீட்ல நின்னுக்கினு, ஜன்னல்ல தலையை நீட்டி வேடிக்கை பாத்துக்கினே வரும். கதவெல்லாம் சொட்டை, சீட்டெல்லாம் மணலு. வண்டின்னா அதான்யா வண்டி!

அவரு வண்டி? தெனம் காலைல பழைய வேட்டியால துடைப்பாரு. காக்கா எச்சம் போட்டுருமேன்னு குடை பிடிப்பாரு. ஒரு நாள் அவரு சம்சாரம் கோமளம் மாமி சும்மா கதவைத் தொட்டுச்சு. "கையில மஞ்சள் இருக்கு, தொடாதே!"ன்னு கத்துனாரு பாருங்க, மொட்டை மாடி வரைக்கும் கேட்டுச்சு.

ஆயுத பூஜைக்கு இன்னும் கூத்து. நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைப்பாரு, கற்பூரம் காட்டுவாரு, அப்புறம் பழத்தை எடுத்து மாமி கையில குடுத்துருவாரு. சாறு பட்டா டயரு கெட்டுருமாம்! மறுநாள் அவங்க வீட்ல எலுமிச்சை ரசம்.

எனக்கு வயிறு எரியுமா, எரியாதா?

அதான் மனு. அசோசியேஷன் செகரட்டரி மாளவிகா கறாரான பொண்ணு. தீர்ப்பு சொல்லிருச்சு. "இந்த ஆயுத பூஜைக்குப் பழம் நசுங்கணும். நசுங்கலேன்னா வண்டி வெளில போகணும்."

அந்த நாளும் வந்துச்சு. பொரி கடலையை வாங்கிக்கினு மொத்த ஃபிளாட்ஸும் கீழ நிக்குது. ரெண்டு வண்டிக்கும் மெக்கானிக்கான சாய்சரணும் வந்திருந்தான். ஸ்டீயரிங் பின்னாடி ராகவன் சாருக்கு வேர்த்துக் கொட்டுது.

"சாவியைத் திருப்புங்க சார்"ன்னேன்.

"இன்னிக்கு நாள் சரியில்லை, வஹீத்."

"ஆயுத பூஜைக்கே நாள் சரியில்லியா?"

"பெட்ரோல் இல்லை."

"என் வண்டிலேர்ந்து தரேன்."

"பேட்டரி போயிடுத்து."

"என்னுதைக் கழட்டி மாட்டுறேன். நம்மளுக்குள்ள இன்னா சார்!"

சாய்சரணுக்கு ஏனோ பொரி புரையேறிச்சு.

"வேண்டாம் ஓய்!"ன்னு அவரு இறங்கி ஓடி வர்றதுக்குள்ள நான் பானெட்டைத் தூக்கிட்டேன்.

உள்ள இன்ஜினே இல்ல. ரெண்டு மாவடு ஜாடி இருந்துச்சு.

"இடம் சும்மாதானே கெடக்குன்னு வெச்சேன்"ன்னுச்சு மாமி.

எனக்குச் சிரிப்பு தாங்கல. "இன்னா சார், காலி டப்பாவுக்கா குடை பிடிச்சீங்க? இன்ஜினை மாவடுன்னு நெனச்சுத் தின்னுட்டீங்களா?"

அவரு தலையைத் தொங்கப் போட்டுக்கினு நின்னாரு. மாமிக்குத்தான் பொறுக்கல. "சாய்சரண், நீ சொல்லுடாப்பா. இவர் வாயைத் திறக்க மாட்டார்."

சாய்சரண் தலையைச் சொறிஞ்சான். "பாய், உங்க கார்பரேட்டரு போச்சுன்னு வந்தீங்கள்ல? ஊரெல்லாம் தேடியும் கிடைக்கல. சார்தான் 'என்னுதைக் கழட்டிக்கோ'ன்னாரு. அப்புறம் உங்க ரேடியேட்டரு போச்சு. டைனமோ போச்சு. கியர் பாக்ஸு போச்சு. போன வருஷம் இன்ஜினே..."

"அடப்பாவி! எல்லாம் புதுப்பேட்டை பழைய சாமான் கடைல கிடைச்சுதுன்னியேடா!"

"அப்படிச் சொல்லச் சொன்னதும் சார்தான், பாய்."

எனக்கு வெக்கமாப் போச்சு.

"ஏன் சார்?"

"நேக்கு ஓட்டணும்னு ஆசைதான், ஓய். எங்கயாவது கீறல் விழுமேன்னு பயம். உமக்கு அந்தப் பயமே கிடையாது. கார்த்தால நீர் வண்டியைக் கிளப்பிண்டு கேட்டைத் தாண்டறச்சே ஒரு சத்தம் வரும் பாரும், 'நம்ம வண்டி போறது'ன்னு சந்தோஷமா இருக்கும். ஆட்டை ஏத்திண்டு வந்தீரே, அன்னிக்கு மட்டும்தான் நேக்குத் தூக்கம் வரலை."

மாளவிகா பொண்ணுக்கும் கண்ணு கலங்கிருச்சு. ஆனாலும் ரூல் ரூல்தானே? "சாரி அங்கிள். பழம் நசுங்கலியே. மனு இருக்கே"ன்னு இழுத்துச்சு.

எனக்குச் சுர்ருன்னு ஏறிச்சு. அவரு டயருக்கு அடில இருந்த நாலு பழத்தையும் பொறுக்கிக்கினு போய் என் வண்டி டயருக்கு அடில வெச்சேன். சாவியை ராகவன் சார் கையில திணிச்சேன்.

"எடுங்க சார். கீறல் விழுமேன்னு பயம் வேணாம், விழ இடமே இல்ல."

"வஹீத் அங்கிள்!"ன்னு மாளவிகா ஓடி வந்துச்சு. "அது உங்க வண்டி. பழம் நசுங்க வேண்டியது அவர் வண்டில!"

"அவரு வண்டிதாம்மா இது. நம்பர் பிளேட்டு மட்டும்தான் என்னுது."