கயிற்றின் மறுமுனை

“ஆறு மணிக்குள்ள இது ஓடியாகணும்மா.”

சொன்ன வேகத்தில் பெரியவர் கம்ப்யூட்டர் பெட்டியை மேசைமேல் ‘டங்’கென்று வைக்க, கழற்றி வைத்திருந்த திருகாணிகள் நாலு பக்கமும் தெறித்து ஓடின. கடைக்காரி குனிந்து பொறுக்கியபடியே கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து பத்து.

என்ன ஓடவில்லை என்று கேட்டாள். பென்ஷன் மனு, பத்திர நகல் என்று ஏதாவது சொல்வார் என்று நினைத்தாள். கேம் என்றார் அவர்.

“பேரனுக்கா ஐயா?”

“எனக்குத்தான்.”

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு ஒயர்களை மாட்டினாள். திரையில் பனிமலைப் படம் போட்ட ஐகான். அழுத்தினாள். கறுப்பாக ஒரு கட்டம் மின்னி மறைந்தது, அவ்வளவுதான். இரண்டு நாளாக இதே கதைதான் என்றார் பெரியவர்.

அவள் ஒவ்வொன்றாகச் சோதிக்க, அவர் பக்கத்து ஸ்டூலில் நுனியில் உட்கார்ந்து விளக்கினார். இரண்டு பேர் ஒரே கயிற்றில் மலையேறும் விளையாட்டு. ஒருவர் பிடித்தால்தான் இன்னொருவர் ஏற முடியும். இவர் பெயர் அதில் ‘புது ஆள்’. கூட்டாளி ‘ஒத்தக்கால் கொக்கு’. எட்டு மாதமாகத் தினமும் மாலை ஆறு மணிக்கு இருவரும் சந்திக்கிறார்கள்.

“ஒரு நாள் போகலைன்னா என்னங்கய்யா, மலை எங்கயும் போயிடாதே?”

“மலை போகாதும்மா. அவன் போயிடுவான். வேற ஆளைச் சேர்த்துக்கிட்டான்னா அப்புறம் நான் எங்கே போய்த் தேடுவேன்?”

அந்தக் குரலைக் கேட்டதும் அவளுக்குக் கேலி செய்ய மனம் வரவில்லை. முகம் தெரியாத நண்பன் ஒருவனுக்காக இப்படியும் ஏங்குவார்களா என்று இருந்தது. மைக் ஒன்று மாட்டித் தரட்டுமா, பேசிக்கொண்டே ஏறலாமே என்றாள்.

“வேண்டாம்மா. எழுதித்தான் பேசுவோம். என் குரலைக் கேட்டா கயித்தை விட்டுட்டு ஓடிடுவான்.”

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

ஐந்து நாற்பது. திரைக்கான மென்பொருளைப் புதுப்பித்தாயிற்று. பெட்டியை அணைத்து மறுபடி போட்டாயிற்று. கறுப்புக் கட்டம் மறுபடியும் மின்னி மறைந்தது. முழுதாக அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினால் இரண்டு மணி நேரம் ஆகும். பெரியவர் கைக்குட்டையால் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கடைசியாக வைரஸ் தடுப்பு மென்பொருளைத் திறந்தவள், சட்டென்று திரும்பினாள். முந்தாநாள் இது ஏதாவது கேள்வி கேட்டதா?

கேட்டதாம். சந்தேகத்துக்குரிய ஒன்று உள்ளே இருக்கிறது, அனுமதிக்கவா, அகற்றவா என்று. அவர் யோசிக்கவே இல்லையாம். முப்பது வருடம் ஆலை வாசலில் காவல் வேலை. சந்தேகம் வந்தால் முதலில் வெளியே தள்ளு, விசாரணை அப்புறம்.

“நீங்க தள்ளினது திருடனை இல்ல ஐயா, நம்ம வீட்டு ஆளை. கேமோட மெயின் ஃபைலே அதுதான்.”

பெரியவர் முகம் என்னவோ போல ஆயிற்று. தரையையே பார்த்தார்.

“பயப்படாதீங்க. அழிக்கலை, ஒதுக்கித்தான் வச்சிருக்கு. திரும்பக் கூப்பிட்டுக்கலாம்.”

“கூப்பிட்டா வந்துடுமாம்மா?”

குழந்தை கேட்பது போலக் கேட்டார். அவள் இரண்டு பொத்தான்களை அழுத்தினாள். காற்று ஊளையிட, திரை முழுக்க வெள்ளை மலை விரிந்தது. ஆறு அடிக்க மூன்று நிமிடம்.

மலையடிவாரத்தில், கயிற்றின் ஒரு முனையை இடுப்பில் கட்டிக்கொண்டு, தன்னந்தனியாக ஓர் உருவம் உட்கார்ந்திருந்தது. தலைக்குமேல் ‘ஒத்தக்கால் கொக்கு’. இன்னும் ஒரு அடிகூட ஏறவில்லை.

பெரியவர் சட்டைப்பையைத் தடவினார். அவசரத்தில் கண்ணாடியை வைத்துவிட்டு வந்திருக்கிறார். நீயே எழுதிவிடம்மா என்றார். கம்ப்யூட்டரில் கோளாறு, இரண்டு நாள் வர முடியவில்லை, காக்க வைத்ததற்கு மன்னிக்க வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள்.

பதில் வரச் சற்று நேரமாயிற்று. வந்ததை ஒரு முறை மனசுக்குள் படித்தாள். அவரைப் பார்த்தாள். பிறகு வாய்விட்டுப் படித்தாள்.

“‘அப்பா, இனிமே வர முடியலைன்னா ஒரு போன் பண்ணிடுங்க. நீங்க வீட்டை விட்டு அனுப்பினப்ப வச்சிருந்த அதே நம்பர்தான்.’”