உத்தம பத்தினியின் விலாசம்

இருபது வருஷத்துப் பழைய பேசும்படத்தை செங்கல்பட்டு டூரிங் டாக்கீஸில் நான்காம் முறையாகப் பார்த்துவிட்டு வந்தான் செங்கல்வராயன். மேடை நாடகத்தைப் படமாக்கிய கல்யாணக் கூத்து அது. புருஷனுக்கு இரண்டாந்தாரமாகப் பெண் தேடி, மனைவியே ஊர் ஊராக அலைவாள். கொட்டகையே விழுந்து விழுந்து சிரித்தது. இவன் மட்டும் உருகிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"பொண்டாட்டின்னா அவதான்! ஒரு வார்த்த எதிர்த்துப் பேசறாளா? நீயும் கீறியே!" என்றான் மனைவி சம்பூர்ணத்திடம்.

நான்கு நாளாக இதையே கேட்டுச் சலித்திருந்தவள், "அந்தம்மா வூடு எங்க கீதுன்னு கேட்டுகினு வா. நேர்லயே போய்க் கத்துக்கறேன்" என்றாள்.

கொட்டகை மேனேஜர் சிரித்துக்கொண்டே திருப்போரூர் விலாசத்தைக் கொடுத்தார். மறுநாளே பூவும் பழமுமாக இருவரும் பஸ் ஏறினார்கள்.

கதவைத் திறந்தவர் ஒரு முறுக்கு மீசைக்காரர்.

"அம்மாவைப் பாக்கணும். படத்துல அந்த உத்தமியா நடிச்சாங்களே..." என்று குழைந்தான் செங்கல்வராயன்.

"நான்தாம்பா அது. உள்ள வாங்க" என்று பூவை வாங்கிக்கொண்டார் அவர்.

செங்கல்வராயன் மீசையையும் பூவையும் மாறி மாறிப் பார்த்தான். சம்பூர்ணம்தான் கேட்டாள்: "ஏன் அண்ணாத்த, பொம்பளைங்க யாரும் கெடைக்கலையா?"

"ஏழு பேர் வந்தாங்கம்மா. கதையைக் கேட்டுட்டு, 'இந்த மாதிரி பொண்டாட்டியா நடிக்க ஆம்பளையால மட்டுந்தான் முடியும்'னு சிரிச்சுகினே போய்ட்டாங்க!"